முன்னுரிமையும் முறைமையும்

பலர் ஒரே வாயிலின் வழியே ஒரே வேளையில் செல்ல விழைவாராயின், அங்கே வரிசை பிறக்கும். வரிசை பிறந்த அளவிலே, முதலிற் செல்வார் யார், பின்னர்ச் செல்வார் யார் என்னும் வினாவும் உடன் பிறக்கும். கோயில் வாயிலிலும் ரயில் நிலையத்திலும் மருத்துவமனையிலும் நாம் நாடோறும் காண்கின்ற வினாவே இது. கல்லூரி அலுவலகங்களின் சுவர்களில், சிறு பேழையுள்ளே பச்சை விளக்குகள் மினுங்க அமர்ந்திருக்கும் வலையமைப்புச் சுவிட்சின் ஒவ்வொரு வாயிலிலும், இதே வினா நொடிக்குப் பல்லாயிரம் முறை எழுகின்றது. எழுந்தவுடன் விடையும் பெறுகின்றது. அவ்விடை எம்முறையில் அளிக்கப்படுகின்றது, அம்முறையை நாம் எங்ஙனம் அமைத்தல் வேண்டும், அமைக்குங்கால் எவற்றைக் கருதுதல் வேண்டும் என்பனவற்றை இயன்றவரை எளிதாக எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காஞ்சி கண்ட வரிசை

வரிசையின் இயல்பை அறிய விரும்புவார்க்குக் காஞ்சிபுரம் ஒரு நல்ல பள்ளியாகும். வைகாசித் திங்களில் வரதராசப் பெருமாள் கோயிலின் கருடசேவையன்று நகரத்து வீதிகள் மக்களால் நிறைகின்றன. முகூர்த்த நாட்கள் நெருங்குங்கால் பட்டுப் புடைவை வாங்க வருவோரால் காந்தி சாலை நிறைகின்றது. எனினும், அண்மைக் காலத்தில் அந்நகரம் கண்ட பெருங்கூட்டம் 2019 ஆம் ஆண்டின் அத்திவரதர் விழாவே. அத்திமரத்தாலாகிய திருமேனியை அனந்தசரசு என்னும் திருக்குளத்தின் நீரடியில் வைத்து, நாற்பது ஆண்டுகட்கு ஒருமுறை வெளிக்கொணர்தல் அக்கோயிலின் மரபு. 1979 ஆம் ஆண்டிற்குப் பின்னர், 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை 48 நாட்கள் அவ்விழா நிகழ்ந்தது. நாடெங்குமிருந்து மக்கள் இலட்சக்கணக்கில் வந்து குழுமினர். பொது வரிசை ஒருபுறமும், அனுமதிச்சீட்டுப் பெற்றவர்க்குரிய சிறப்பு வரிசை மற்றொருபுறமுமாக வழிகள் வகுக்கப்பட்டன. ஜூலை 18 ஆம் நாள் ஏற்பட்ட நெரிசலிற் சிலர் உயிர் துறந்தனர்.

இன்னார் பிழை என்று சுட்டுதல் ஈண்டு நம் கருத்தன்று. ஆயினும், எத்துணைப் பெரிய வரிசைக்கும் எத்துணைச் சிறிய வரிசைக்கும் பொதுவாகிய இரண்டு உண்மைகளை இவ்விழாவினின்று நாம் அறிந்துகொள்ளலாம். முதலாவது, வரிசைகளைப் பலவாகப் பிரிப்பதனால் வாயிலின் அகலம் ஒரு விரற்கிடையும் கூடுவதில்லை; ஒரு வரிசையார் பெறுகின்ற விரைவு, மற்றொரு வரிசையார் இழக்கின்ற நேரமேயாம். இரண்டாவது, சிறப்புச் சீட்டுகள் பெருகப் பெருகச் சிறப்பு வரிசையும் நீண்டு பொது வரிசையைப் போலாகிவிடும். அனைவரும் முதல்வர் என்றால், முதல்வர் எவரும் இலர். இவ்விரண்டு உண்மைகளையும் நேயர்கள் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். இனி வரும் செய்திகள் அனைத்தும் இவற்றின் விரிவே.

தந்தியும் மின்னல் அழைப்பும்

செய்தித் தொடர்பில் முன்னுரிமை என்பது கணினியோடு தோன்றியதன்று. நம் நாட்டில் 2013 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நிறைவெய்திய தந்திப் பணியிலேயே, சாதாரணத் தந்தி என்றும் விரைவுத் தந்தி என்றும் பிரிவுகள் இருந்தன. தொலைபேசியில் வெளியூர்க்குப் பேசுவதற்கு டிரங்குக் காலைப் பதிவு செய்து காத்திருந்த காலத்தை முதியோர் நன்கறிவர். அக்காலத்திற் சாதாரண அழைப்பு, அவசர அழைப்பு, மின்னல் அழைப்பு என மூவகை இருந்தன. அவசர அழைப்பிற்குக் கட்டணம் இருமடங்கு. மின்னல் அழைப்பிற்கு எண்மடங்கு. ஊர்களுக்கிடையே ஓடிய கம்பிகள் சிலவாகவும், பேச விழைந்தோர் பலராகவும் இருந்தமையே இதற்குக் காரணம்.

இணையத்தின் அடிப்படை விதிகள் 1981 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டபோது, ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் அதன் முதன்மையைக் குறிப்பதற்கு மூன்று பிட்டுகள் ஒதுக்கப்பட்டன. மூன்று பிட்டுகளால் எட்டு நிலைகளைக் குறிக்கலாம். அந்நிலைகளுக்கு இடப்பட்ட பெயர்களுள் முதல் நான்கும் வழக்கமானது, முன்னுரிமையுடையது, உடனடியானது, மின்வெட்டுப் போன்றது என்று பொருள்படுவன. அமெரிக்கப் படைத்துறையின் தந்திச் செய்திகளுக்கு வழங்கிய பெயர்களே அவை. நம் மின்னல் அழைப்பும், இணையத்தின் அம்மின்வெட்டுப் பொதியும் ஒரே மரபிற் பிறந்தவை என்பதை எண்ணுதல் இன்பம் பயப்பதாகும்.

சுவிட்சின் வாயிலில் நிகழ்வது

ஒரு கட்டடத்திலுள்ள கணினிகள், தொலைபேசிகள், காமிராக்கள், அச்சுப்பொறிகள் ஆகியவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டியே சுவிட்சு. கம்பியைச் செருகுதற்குரிய துளை ஒவ்வொன்றையும் வாயில் என்று ஈண்டுக் கூறுவோம். ஒரு கணினி அனுப்பும் செய்தி ஒரே நீரோட்டமாகச் செல்வதில்லை. சிறுசிறு பொதிகளாகப் பகுக்கப்பட்டே செல்கின்றது. வழக்கமான எதர்நெட்டு வலையமைப்பில் மிகப் பெரிய பொதி, தலைப்பும் முடிவும் உட்பட, 1,518 பைட்டுகள் கொண்டது. சுவிட்சு ஒவ்வொரு பொதியின் முகவரியையும் நோக்கி, அஃது எவ்வாயிலின் வழியே வெளிச்செல்ல வேண்டும் என்று துணிந்து, அவ்வாயிலுக்கு அனுப்புகின்றது.

உள்வரும் வாயில்கள் இருபது. வெளிச்செல்லும் வாயில் ஒன்று என்று கொள்வோம். இருபதிலிருந்தும் ஒரே வேளையிற் பொதிகள் வந்து அவ்வொன்றை நாடினால் யாது நிகழும்? கம்பியில் ஒரு நேரத்தில் ஒரு பொதியே செல்லலாகும். ஆகவே, ஏனைய பொதிகள் சுவிட்சின் நினைவகத்திற் காத்திருக்கின்றன. அந்நினைவகமும் அளவுடையதே. அது நிரம்பியபின் வரும் பொதிகள் கைவிடப்படுகின்றன. இவ்வாறு, காத்திருத்தலும் கைவிடப்படுதலும் நிகழும் இடம் பெரும்பாலும் வெளிச்செல்லும் வாயிலே. சுவிட்சில் முன்னுரிமை அமைத்தல் என்பது, நெரிசல் நேர்ந்தபோது இவ்வாயிலிற் காத்திருக்க வேண்டியது எது, கைவிடப்பட வேண்டியது எது என்று முன்கூட்டியே வகுத்து வைத்தலேயாகும். நெரிசல் இல்லாத வேளையில் இவ்வமைப்பினால் யாதொரு வேறுபாடும் தோன்றாது. ஆளில்லாத வாயிலிற் சிறப்பு வரிசையும் பொது வரிசையும் ஒன்றே அன்றோ?

காத்திருக்கும் நேரம் எத்துணை என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 1,518 பைட்டுகள் என்பன 12,144 பிட்டுகள். நொடிக்கு 1,000 மெகாபிட்டு செல்லும் கம்பியில் இப்பொதி கடந்துபோக ஏறத்தாழ 12 மைக்ரோநொடி ஆகும். இஃது உணரவொண்ணாச் சிறுபொழுது. நொடிக்கு 10 மெகாபிட்டே செல்லும் வழியாயின், 1.2 மில்லிநொடி ஆகும். அத்தகைய பொதிகள் நூறு முன்னே நின்றால், பின்வருவது ஏறத்தாழ 121 மில்லிநொடி காத்திருத்தல் வேண்டும். அகன்ற வழியினின்று குறுகிய வழிக்குச் செல்லும் இடத்திலேதான் வரிசை நீளுகின்றது என்பது இதனால் விளங்கும்.

காத்திருக்கக் கூடுவதும் கூடாததும்

121 மில்லிநொடி என்பது நொடியில் எட்டில் ஒரு பங்கிற்கும் குறைவு. இதனால் என்ன கேடு என்று சிலர் வினவலாம். மின்னஞ்சலுக்கு இதனால் ஒரு கேடும் இல்லை. பெரிய கோப்பு ஒன்றைப் படியெடுக்கும் கணினிக்கும் கேடில்லை. மனிதர் பேசும் குரலுக்கோ பெருங்கேடு உண்டு. ஒருவர் வாய்விட்டுச் சொன்னது மற்றவர் செவியை எட்டுதற்கு 150 மில்லிநொடிக்கு மேற்படாதிருத்தல் நன்று என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வரையறுத்துள்ளது. அதனினும் மிகுமாயின், இருவரும் ஒரே வேளையிற் பேசத் தொடங்குவதும், ஒரே வேளையில் நிறுத்துவதுமாக உரையாடல் தடுமாறும். ஒரு வாயிலின் வரிசையே 121 மில்லிநொடியை விழுங்கிவிடுமாயின், எஞ்சிய நெடுவழிக்கு என்ன மிஞ்சும்?

மேலும், குரற் பொதிகள் சமமான இடைவெளியில் வருதல் வேண்டும். 1972 முதல் வழங்கிவரும் ஜி.711 என்னும் முறையில், குரல் நொடிக்கு 64,000 பிட்டுகளாக மாற்றப்பட்டு, 20 மில்லிநொடிக்கு ஒரு பொதியாக, நொடிக்கு 50 பொதிகள் அனுப்பப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் குரல் 160 பைட்டு. தலைப்புகளையும் கூட்டினால் எதர்நெட்டுக் கம்பியில் 218 பைட்டு. ஆகவே, ஓர் உரையாடல் ஒரு திசையிற் கொள்வது நொடிக்கு 87,200 பிட்டுகளே. ஓர் உரையாடல் வேண்டுவது மிகச் சிறிய இடம். ஆனால் அவ்விடம் உரிய நேரத்திற் கிடைத்தாக வேண்டும். கோப்பைப் படியெடுத்தல் வேண்டுவது பெரிய இடம். அஃது எப்போது கிடைப்பினும் அமையும். முன்னுரிமை என்னும் கலை முழுவதும் இவ்வேறுபாட்டின்மேல் எழுந்ததே. யார் உயர்ந்தோர் என்பதைப் பாராது, எது காத்திருக்க மாட்டாதது என்பதைப் பார்த்தே இடம் அளித்தல் வேண்டும்.

இஃது அலுவலக வசதியைப் பற்றிய செய்தி மட்டுமன்று. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976 ஆம் ஆண்டில் மதுரையில் நிறுவிய அரவிந்து கண் மருத்துவமனை, இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்களோடு கூடி, தேனி மருத்துவமனைக்கும் அதனைச் சூழ்ந்த ஊர்களின் கண் மையங்களுக்கும் இடையே கம்பியில்லா நெடுவழி இணைப்புகளை அமைத்தது. ஊரிலிருக்கும் நோயாளி மையத்தில் அமர்ந்தபடியே, தேனியிலிருக்கும் மருத்துவரை முகம் பார்த்துப் பேசி அறிவுரை பெற வழி பிறந்தது. இத்தகைய வழியில், அலுவலகக் கணினியொன்று தன் கோப்புகளைப் படியெடுக்கத் தொடங்கி, அதனால் மருத்துவர் குரல் துண்டு துண்டாகுமாயின், இழப்பு எவர்க்கு என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

பொதியின்மேல் அடையாளம் இடுதல்

எப்பொதி குரல், எப்பொதி கோப்பு என்பதைச் சுவிட்சு எங்ஙனம் அறியும்? அடையாளம் கொண்டே அறியும். அடையாளம் இருவகைப்படும். முதல்வகை எதர்நெட்டுத் தலைப்பிற் செருகப்படும் நான்கு பைட்டுக் குறிச்சீட்டில் உள்ளது. 1998 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட இச்சீட்டில் மூன்று பிட்டுகள் முன்னுரிமைக்கு உரியன. 0 முதல் 7 வரை எண் இடலாம். யாதும் குறியாத பொதிக்கு 0. குரலுக்கு 5 என்பது பெருவழக்கு. வலையமைப்பு தன்னைத்தானே நடத்திக்கொள்ளுதற்கு வேண்டிய செய்திகளுக்கு 6, 7. இவற்றுள் 1 என்பது 0-வினும் தாழ்ந்தது என்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று. அவசரமே இல்லாத பின்னணிப் பணிகளுக்கு உரியது அது. எண் பெரிதாயின் உரிமையும் பெரிது என்று கருதி ஒருவர் முதன்மைப் பணிக்கு 1 என்று இடுவாராயின், அப்பணி யாவற்றிற்கும் பின்னே நிற்கும்.

இரண்டாம் வகை, பொதியின் இணையத் தலைப்பில் உள்ளது. 1981 ஆம் ஆண்டின் மூன்று பிட்டு, 1998 ஆம் ஆண்டில் ஆறு பிட்டாக விரிக்கப்பட்டது. இதனை டி.எஸ்.சி.பி. என்பர். 64 மதிப்புகள் இதில் அடங்கும். குரலுக்கு வழங்குவது 46. இருநிலை எண்ணில் 46 என்பது 101110. அதன் முதல் மூன்று இலக்கம் 101, அஃதாவது 5. எனவே, முதல்வகை அடையாளத்தின் 5-உம் இரண்டாம் வகையின் 46-உம் ஒன்றோடொன்று இயைந்தவை. முதல்வகைச் சீட்டு ரௌட்டரைக் கடந்து வேறு வலையமைப்பிற் புகும்போது கழன்றுவிடும்; இரண்டாம் வகை பொதியோடு உடன் செல்லும். ஆகவே, இரண்டாம் வகையையே முதன்மையாகக் கொண்டு, ஒவ்வொரு சுவிட்சிலும் அதனை முதல்வகையோடு பொருத்தும் அட்டவணை ஒன்றை அமைத்துக்கொள்ளுதல் சாலும்.

எவர் சொல்லை நம்புவது?

அடையாளத்தை இடுவோர் யார்? கணினியும் தொலைபேசியும் தாமே தம் பொதிகளுக்கு அடையாளம் இட்டுக்கொள்ள வல்லன. இங்கேதான் மேற்கூறிய இரண்டாம் உண்மை தோன்றுகின்றது. தனக்குரிய சிறப்புச் சீட்டைத் தானே எழுதிக்கொள்ளலாம் எனின், எழுதிக்கொள்ளாதார் யார்? விளையாட்டு நிரல் ஒன்று தன் பொதிகள் அனைத்திற்கும் 46 என்று எழுதிக்கொண்டால், சுவிட்சு அதனையும் குரல் என்றே கருதும்.

ஆதலின், நம்பிக்கையின் எல்லையை வகுத்தல் வேண்டும். பொதுக் கணினிகள் இணைக்கப்பட்ட வாயில்களில், வரும் அடையாளத்தை ஏற்காது, யாவற்றையும் 0 என மாற்றும்படி சுவிட்சைப் பணித்தல் வேண்டும். நிர்வாகத்தார் வைத்த தொலைபேசிகள் உள்ள வாயில்களில் மட்டும் அடையாளத்தை ஏற்கலாம். சுவிட்சுக்கும் சுவிட்சுக்கும் இடையிலுள்ள வாயில்களிலும் ஏற்றல் வேண்டும். இல்லையெனில், முதற் சுவிட்சிற் செய்த நற்பணி இரண்டாம் சுவிட்சில் அழிந்துபோம். அடையாளம் இடுவது வலையமைப்பின் விளிம்பிலேயே நிகழ்தல் வேண்டும்; நடுவிலுள்ளவை அதனைப் படித்து நடத்தல் போதும்.

வரிசைகளை நடத்தும் முறை

அடையாளம் கண்ட பொதிகளைச் சுவிட்சு தனித்தனி வரிசைகளில் நிறுத்துகின்றது. பொதுவாக ஒரு வாயிலுக்கு நான்கு அல்லது எட்டு வரிசைகள் உண்டு. அவற்றினின்று அடுத்து அனுப்ப வேண்டியதை எடுக்கும் முறைகள் இரண்டு.

முதலாவது கண்டிப்பான முன்னுரிமை. முதல் வரிசையில் ஒரு பொதியேனும் இருக்குமளவும், இரண்டாம் வரிசையை நோக்குவதில்லை. இம்முறையிற் குரற் பொதி பெரும்பாலும் காத்திருப்பதில்லை; கம்பியில் முன்னரே செல்லத் தொடங்கிய ஒரு பொதி முடியும் வரையில் மட்டும் காத்திருக்கும். 10 மெகாபிட்டு வழியில் அது 1.2 மில்லிநொடி. முன்னர்க் கண்ட 121 எங்கே, இந்த 1.2 எங்கே! ஆயினும் இம்முறையில் ஒரு பெருந்தீங்கு உண்டு. முதல் வரிசை ஓயாது நிரம்பிக்கொண்டே இருக்குமாயின், ஏனையவை முற்றிலும் பட்டினி கிடக்கும். ஆதலின், முதல் வரிசைக்கு மேல்வரம்பு ஒன்று கட்டாயம் விதித்தல் வேண்டும்.

இரண்டாவது பங்கிட்டுச் சுழலும் முறை. வரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிவந்து, ஒவ்வொன்றிற்கும் விதித்த பங்கின்படி பொதிகளை எடுப்பது இது. காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறமும் கரை வேறொரு நிறமுமாகக் கோர்வை நெய்யும் தறியைக் கண்டவர்க்கு இஃது எளிதில் விளங்கும். ஆங்கே இருபுறக் கரைகளுக்கு இரண்டு நாடாக்களும், உடலுக்கு ஒரு நாடாவுமாக மூன்று நாடாக்கள் முறையே ஓடுகின்றன; உடல் அகன்றது என்பதற்காக அதன் நாடா மட்டுமே ஓடுமாயின், கரை நெய்யப்படாது நின்றுவிடும்; புடைவையும் உருப்பெறாது.

பங்கிடுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. பொதிகள் சிறியனவும் பெரியனவுமாக இருத்தலின், சுற்றுக்கு ஒரு பொதி என்று எண்ணினால், பெரிய பொதி அனுப்புவோர் மிகுதியாகப் பெறுவர். 1995 ஆம் ஆண்டில் எம். ஸ்ரீதர், ஜார்ஜ் வர்கீஸ் என்னும் இருவர் இதற்கு எளியதொரு தீர்வு கண்டனர். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு வரிசைக்கும் இத்துணைப் பைட்டு என்று வரவு வைத்தல் வேண்டும். முன்னிற்கும் பொதி அவ்வரவினும் பெரிதாயின், அதனை இப்போது அனுப்பாது, எஞ்சிய வரவை அடுத்த சுற்றிற்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். சிட்டுப் புத்தகத்தில் மீதியை எழுதி வைப்பது போன்ற இச்சிறு கணக்கினால், விரைவும் குன்றாது நேர்மையும் குன்றாது.

இன்று பெரும்பாலான சுவிட்சுகளில் இவ்விரண்டு முறைகளையும் இணைத்தே அமைக்கின்றனர். குரலுக்கு வரம்புடைய கண்டிப்பான முன்னுரிமை. ஏனையவற்றிற்குப் பங்கு முறை. இனி, கைவிடுதலிலும் முறை உண்டு. நினைவகம் நிரம்பும்வரை வாளாவிருந்து, நிரம்பியபின் வருவன அனைத்தையும் கைவிட்டால், அனுப்பும் கணினிகள் யாவும் ஒருசேரத் தளர்ந்து, பின்னர் ஒருசேர விரைந்து, நெரிசல் அலையலையாக மீளும். ஆகவே, நிரம்பத் தொடங்கும்போதே இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில பொதிகளைக் கைவிட்டு எச்சரிக்கும் முறையைச் சாலி ஃபிளாய்டு, வான் ஜேக்கப்சன் என்னும் அறிஞர்கள் 1993 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இம்முறை கோப்பு முதலியவற்றிற்கே பொருந்தும். குரற் பொதி கைவிடப்பட்டால் அதனை மீண்டும் அனுப்பிப் பயனின்மையின், குரல் வரிசைக்கு இஃது ஆகாது.

ஓர் எடுத்துக்காட்டு

கற்பனையாக, காஞ்சிபுரத்துக் கைத்தறிப் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் அலுவலகத்தைக் கொள்வோம். ஆங்குப் பத்துத் தொலைபேசிகள், விற்பனைச் சீட்டுக் கணினிகள், வடிவமைப்பாளரின் பெரிய படக்கோப்புகள், இரவும் பகலும் சேமிப்பிற்குச் செல்லும் படிகள் ஆகியன உள்ளன. வெளியே செல்லும் இணைய வழி நொடிக்கு 10 மெகாபிட்டுக்குச் சற்று மேற்பட்டது.

முதற் பணி, வெளிச்செல்லும் வாயிலின் வேகத்தை 10 மெகாபிட்டு என வரையறுத்தல். இது வியப்பாகத் தோன்றலாம். நம் வாயில் 1,000 மெகாபிட்டு வேகத்தில் அனுப்பவல்லது. ஆனால் அப்பாலுள்ள சேவையாளரின் வழி குறுகியது. வரையறை இல்லையெனில், வரிசை நம் சுவிட்சில் உண்டாகாது, சேவையாளரின் கருவியில் உண்டாகும். ஆங்கு நம் விதிகள் செல்லா. வரிசையை நம் கைக்குள் வைத்துக்கொண்டால்தான் அதனை நாம் ஆள முடியும். (நாம் அனுப்புவதையே இவ்வாறு ஆளலாம்; நமக்கு வருவதன் வரிசை சேவையாளரிடத்தே உள்ளது.)

இரண்டாம் பணி, குரலுக்கு 1 மெகாபிட்டு வரம்புடன் முதல் வரிசை அளித்தல். பத்து உரையாடல்களுக்கு 872,000 பிட்டு போதும். மூன்றாம் பணி, எஞ்சிய 9 மெகாபிட்டை விற்பனைச் சீட்டுக்கும் வங்கிப் பணிக்கும் 5, படக்கோப்புகளுக்கு 3, சேமிப்புப் படி முதலிய ஏனையவற்றிற்கு 1 என்று பங்கிடுதல். ஒருவர் பங்கு பயன்படாத வேளையில் மற்றவர் அதனைப் பெறுவர். ஆதலின், எவர்க்கும் வீணில்லை. நள்ளிரவிற் சேமிப்புப் படியே முழு வழியையும் பெறும்.

நான்காம் பணி சோதித்தல். பெரிய கோப்பொன்றை அனுப்பி வழியை முற்றும் நிரப்பிவிட்டு, அவ்வேளையிலேயே தொலைபேசியிற் பேசிப் பார்த்தல் வேண்டும். சுவிட்சின் கணக்கில் எவ்வரிசையிற் பொதிகள் கைவிடப்பட்டன என்பதையும் நோக்குதல் வேண்டும். குரல் வரிசையில் அவ்வெண் 0 ஆக இருப்பின் அமைப்பு நன்று.

பின்னொரு நாள் சங்கத்தார் மேலும் இரண்டு தொலைபேசிகளை வாங்கி, வரம்பை மாற்ற மறந்தனர் என்க. பன்னிருவரும் ஒருங்கே பேசினால் 1,046,400 பிட்டு வேண்டும், வரம்போ 1,000,000. மிகுந்த பொதிகள் கைவிடப்படும். யாருடைய பொதிகள்? பன்னிரண்டாமவர் பொதிகள் மட்டுமல்ல. எவர் பொதி அந்நேரத்தில் வரம்பைத் தாண்டுகின்றதோ அவர் பொதி. ஆகவே, பன்னிரண்டு உரையாடல்களும் கெடும். இதனைத் தவிர்க்க, வரம்பை உயர்த்துதல் வேண்டும். அன்றேல், பன்னிரண்டாம் அழைப்பைத் தொடக்கத்திலேயே மறுத்து, இடமில்லை என்னும் ஒலியைக் கேட்பித்தல் வேண்டும். அனைவரையும் உள்ளே விட்டு நெரியச் செய்தலினும், ஒருவரை வாயிலில் நிறுத்துதல் அறமாகும். காஞ்சியின் பெருங்கூட்டமும் இச்சிறு பெட்டியும் ஒரே பாடத்தையே கற்பிக்கின்றன.

பொது வழியில் முன்னுரிமை

நம் கட்டடத்திற்குள் நாம் வகுக்கும் முன்னுரிமை இல்லறக் கணக்குப் போன்றது. வழி நமது, தேவையும் நமது. நாட்டு மக்கள் அனைவர்க்கும் பொதுவாகிய இணைய வழியில், சேவையாளர் தாமே ஒருவர் பொதியை முற்படுத்தி மற்றொருவர் பொதியைப் பிற்படுத்தலாமோ? பொருள் மிகுந்த நிறுவனங்கள் சிறப்புச் சீட்டை விலைக்கு வாங்குமாயின், புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞன் எவ்வரிசையில் நிற்பான்? இவ்வினா நம் நாட்டிற் பெரிதும் ஆராயப்பட்டது. 2016 பிப்ரவரி 8 ஆம் நாள், இணையத்தில் பெறும் உள்ளடக்கத்திற்கேற்ப வெவ்வேறு கட்டணம் விதித்தலை இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் தடை செய்தது. 2018 ஜூலைத் திங்களில், பொதிகளை வேற்றுமை பாராது நடத்துதல் என்னும் கொள்கையை அரசாங்கத்தின் தொலைத்தொடர்புத் துறை ஏற்றது. தொலைதூர மருத்துவம், தன்னியக்க ஊர்தி போன்ற சில இன்றியமையாப் பணிகளை மட்டும் தனியே கருதுதற்கு இடம் வைக்கப்பட்டது.

இவ்விதிவிலக்கினை நோக்குமின். செல்வமும் பதவியும் அதற்குக் காரணமாகக் கொள்ளப்படவில்லை. காத்திருந்தாற் கெட்டுப்போகும் பணி என்பதே காரணமாகக் கொள்ளப்பட்டது. சுவிட்சின் வாயிலில் நாம் கண்ட நெறியே நாட்டின் விதியிலும் காணப்படுகின்றது. மின்னல் அழைப்பின் காலத்தில் எண்மடங்கு கட்டணம் தந்தவர் முந்தினர்; இன்றோ, தேவையின் இயல்பு நோக்கி இடமளிப்பதே நெறி என்று கொள்ளப்படுகின்றது.

மாணவ நண்பர்காள்! உங்களுட் பலர் நாளை அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் கல்விக்கூடங்களிலும் இத்தகைய கருவிகளை ஆள்வீர்கள். அன்று மேலதிகாரி ஒருவர் வந்து, தம் கணினியை முதல் வரிசையில் வைக்குமாறு பணிக்கவும் கூடும். அப்போது, அக்கணினி அனுப்புவது காத்திருக்க மாட்டாததா என்பதை முதலில் வினவுங்கள். அதற்கு வரம்பு யாது என்பதை அடுத்து வினவுங்கள். அதனைத் தந்தபின், கடைசி வரிசைக்கு எஞ்சுவது எத்துணை என்பதை எழுதிக் காட்டுங்கள். விடைகள் தெளிவாக இருப்பின் தயங்காது முன்னுரிமை அளிக்கலாம். தெளிவில்லையெனில், கடைசி வரிசையில் நிற்பவர் தம் குறையை வந்து சொல்ல அங்கே இரார் என்பதை நினைந்து, அவர் பங்கையும் நீங்களே காத்தல் வேண்டும்.